பிக்கப் டிரக்: இழுப்பது வேறு, தாங்குவது வேறு

அமெரிக்காவில் பிக்கப் டிரக் விளம்பரம் எதை எடுத்தாலும் ஓர் எண் மட்டும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும். அதுதான் இழுவைத் திறன். ஃபோர்டு எஃப்-150இன் சில வகைகளுக்கு அது 13,000 பவுண்டைத் தாண்டும். நம் கணக்கில் ஏறக்குறைய 6 டன். கனரக எஃப்-450க்கு 40,000 பவுண்டு, அதாவது 18 டன். பண்ணை வைத்திருப்பவர், வீடு கட்டித் தருபவர், குதிரை வளர்ப்பவர், படகுக்காரர், பணி ஓய்வுக்குப் பிறகு டிரெய்லர் வீட்டோடு நாடு சுற்றும் தம்பதி என்று பலரும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வண்டி வாங்கப் போகிறார்கள். ஆனால் அந்த எண்ணில் 70 சதவீதத்தைக்கூடத் தொடாமல் ஒரு பிக்கப்பை ஓவர்லோடு ஆக்கிவிடலாம். அதற்கு மண்ணோ ஜல்லியோ ஏற்ற வேண்டியதில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு வாரச் சுற்றுலா கிளம்பினாலே போதும்.

விளம்பர எண் பொய்யல்ல. ஆனால் ஒரு காலத்தில் அது கிட்டத்தட்டப் பொய்யாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த முறையில் சோதித்து, போட்டியாளரைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓர் எண்ணை அறிவித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கடிவாளம் போட்டது அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2807 என்ற தர விதி. டொயோட்டா 2011 மாடல் டண்ட்ராவில் அதை முதலில் ஏற்றுக்கொண்டது. அதற்காகத் தன் இழுவைத் திறனைக் குறைத்து அறிவிக்கவும் செய்தது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் மூன்றும் 2015 மாடல்கள் வரும்வரை தங்கள் அரை டன் டிரக்குகளை (எஃப்-150 போன்ற வகை; அரை டன் என்பது வகையின் பெயர்தான், தாங்கும் எடை அல்ல) அந்த விதிக்குள் கொண்டுவரவில்லை.

அந்த விதியின் இதயம் அரிசோனாவில் இருக்கும் ஒரு சாலை. கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் தொடங்கி யூனியன் கணவாய் வரை 18 கிலோமீட்டர் ஏறும் பாலைவனப் பாதை. கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். வெளியே 38 டிகிரி வெயில், உள்ளே ஏசி முழு வேகத்தில், பின்னால் முழு எடை டிரெய்லர். இந்த நிலையில் வண்டி மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். பின் அச்சில் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டி என்றால் 35 மைல். எதுவும் உடையக் கூடாது, எச்சரிக்கை விளக்கும் எரியக் கூடாது. 12 சதவீத ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை முன்னோக்கியும், அதேபோல் பின்னோக்கியும் நகர்ந்து காட்டவும் வேண்டும். கடுமையான சோதனைதான்.

ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் ஒருவர், தலைக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. குழந்தைகள் இல்லை, நாய் இல்லை, பின்தொட்டியில் சைக்கிள் இல்லை, விறகு இல்லை. டிரெய்லரின் முனை, டிரக்கின் பின்னால் அதை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சை அழுத்தும் எடையும் விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச விகிதத்தில் வைக்கப்பட்டிருக்கும். இழுவைத் திறன் என்பது ஏறக்குறைய காலியான டிரக்கின் திறன். நிஜக் குடும்பத்தோடு கிளம்பும்போது வேறோர் எண் முந்திக்கொண்டு வந்து நிற்கும்.

அது எங்கே இருக்கிறது என்றால், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில். அங்கே இரண்டு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். ஒன்றில் வண்டியின் மொத்த எடை வரம்பும், முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் தனித்தனி வரம்பும் இருக்கும். மற்றது டயர் அழுத்தம் குறித்த ஸ்டிக்கர். அதில்தான் அந்த வண்டியில் ஏறும் ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டை ஒருபோதும் தாண்டக் கூடாது என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். இதுதான் சுமைத் திறன். மாடலுக்கு ஓர் எண் என்று இது வருவதில்லை. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அந்த ஒரு வண்டிக்கான எண் இது. மொத்த எடை வரம்பிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவது. ஆகவே நான்கு சக்கர ஓட்டம், பெரிய கேபின், கண்ணாடிக் கூரை, மின்சாரப் படி, தோல் இருக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க இந்த எண் இறங்கிக்கொண்டே போகும். ஒரே மாடலில், வேலைக்கென்று வாங்கும் சாதாரண வகைக்கு 1,000 கிலோ இருக்கும். பக்கத்திலேயே நிற்கும், அதைவிடப் பல ஆயிரம் டாலர் கூடுதல் விலையுள்ள சொகுசு வகைக்கு 650 கிலோதான் இருக்கும். விலை ஏற ஏறத் தாங்கும் திறன் குறைவது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. நம்மூர்ச் சாலையில் குட்டியானை என்று அழைக்கப்படும் டாட்டா ஏஸ், 2005இல் 16 குதிரைத்திறன் எஞ்சினோடு அறிமுகமானபோதே முக்கால் டன் சுமப்பதற்காக வடிவமைக்கப்பட்டிருந்தது. 400 குதிரைத்திறன் கொண்ட அமெரிக்கச் சொகுசு பிக்கப் பலவற்றின் கதவோரத்தில் அதைவிடக் குறைந்த எண்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இழுவைத் திறன் 5,000 கிலோ, சுமைத் திறன் 680 கிலோ என்று ஒரு நடுத்தர வசதியுள்ள அரை டன் பிக்கப். வாங்க நினைக்கும் டிரெய்லர் வீடு 9 மீட்டர் நீளம். விற்பனைக் கையேட்டில் 2,900 கிலோ என்று இருக்கும். அது தண்ணீர், எரிவாயு, பேட்டரி, பாத்திரம், படுக்கை எதுவும் இல்லாத வெறும் எடை. தண்ணீர்த் தொட்டி மட்டுமே 170 லிட்டர் பிடித்தால் 170 கிலோ ஏறிவிடும். எல்லாம் ஏற்றினால் 3,400 கிலோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 கிலோ இழுக்கும் வண்டிக்கு இது 68 சதவீதம். விற்பனையாளர், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்பார்.

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களிலேயே உட்கார்ந்துவிடுவதில்லை. ஒரு பங்கு அதன் முன்முனை வழியாக டிரக்கின் பின்னால் இருக்கும் ஹிட்ச்சை அழுத்துகிறது. இதை முனை எடை என்போம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அது இருந்தாக வேண்டும். ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம். 13 சதவீதம் என்றால் 440 கிலோ. டிரக்கைப் பொறுத்தவரை பின்தொட்டியின் கடைசி விளிம்பில் 440 கிலோ மூட்டை ஏற்றிய மாதிரிதான். அது இழுக்கும் கணக்கில் வராது, சுமக்கும் கணக்கில் வரும். 680இல் 440 போனால் 240. ஹிட்ச் சாமான்கள் 45 கிலோ, மிச்சம் 195. கணவனும் மனைவியும் 150 கிலோ, மிச்சம் 45. இரண்டு குழந்தைகள் 80 கிலோ. அங்கேயே கணக்கு 35 கிலோ கடனில் போய்விட்டது. பின்தொட்டியில் ஐஸ் பெட்டி, இரண்டு சைக்கிள், சின்ன ஜெனரேட்டர், கொஞ்சம் விறகு என்று 100 கிலோ வைத்தால் 135 கிலோ ஓவர்லோடு. இழுவைத் திறனில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தொடப்படாமலேயே இருக்கிறது.

இதோடு முடியவில்லை. அந்த 440 கிலோ எங்கே உட்காருகிறது என்பது, எவ்வளவு என்பதைப்போலவே முக்கியம். ஹிட்ச் பின் அச்சுக்கு மேலே இல்லை. அதற்குப் பின்னால் 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3.7 மீட்டர் என்றால், பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்ட ஒரு நெம்புகோல் கிடைத்துவிடுகிறது. பின்னால் 440 கிலோ அழுத்தும்போது முன் அச்சு மேலே எழும்பப் பார்க்கும். 440ஐ 1.2ஆல் பெருக்கி 3.7ஆல் வகுத்தால் 143. முன் சக்கரங்களிலிருந்து அத்தனை கிலோ கழன்றுபோகிறது. பின் அச்சின் மேல் 440க்குப் பதில் 583 கிலோ ஏறுகிறது. வளைப்பவை முன் சக்கரங்கள்தான். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் அவைதான். அவற்றின் மேல் இருக்கும் எடை குறைந்தால் சாலையோடு அவற்றுக்கு இருக்கும் பிடியும் குறையும். டிரெய்லர் மாட்டிய பிக்கப்பின் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்பதையும், அதன் முகப்பு விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிப்பதையும் பார்த்தால் இந்தக் கணக்குத்தான் அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல மருந்து உண்டு. எடை பகிரும் ஹிட்ச் என்று ஒரு சாதனம். ஹிட்ச்சிலிருந்து இரண்டு உறுதியான ஸ்பிரிங் கம்பிகள் டிரெய்லரின் முன்சட்டத்துக்கு அடியில் நீண்டு போகும். அவற்றைச் சங்கிலியாலோ தாங்கியாலோ மேல்நோக்கி வளைத்துப் பூட்டினால், நெம்புகோல் எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்கும். டிரக்கின் பின்பக்கம் மேலே தூக்கப்படும்; கழன்றுபோன எடையில் ஒரு பங்கு முன் அச்சுக்குத் திரும்பும், இன்னொரு பங்கு டிரெய்லரின் அச்சுகளுக்குப் போகும். அரை டன் பிக்கப்பில் 3 டன் டிரெய்லரை மாட்டுகிறவர்கள் இந்த ஹிட்ச் இல்லாமல் கிளம்பக் கூடாது என்பது என் கருத்து. பல நிறுவனங்களின் கையேடுகளும் குறிப்பிட்ட எடைக்கு மேல் இதைக் கட்டாயம் என்றே சொல்கின்றன. ஆனால் இது வண்டியின் மொத்த எடை வரம்பை உயர்த்திவிடாது. காற்றுப் பை வைத்த கூடுதல் ஸ்பிரிங் மாட்டி வண்டியை நிமிர்த்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள். வண்டி பார்க்கச் சமமாக நிற்கும்; முன் அச்சுக்கு எடை திரும்பாது. அச்சும் டயரும் சட்டமும் பழைய வரம்பிலேயேதான் இருக்கும்.

அப்படியானால் முனை எடையையே குறைத்துவிடலாமே, டிரெய்லரின் பின்பக்கமாகச் சாமான்களைத் தள்ளி வைத்தால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. சக்கரங்களின் மேல் நிற்கும் டிரெய்லர் ஓர் ஊசல். குறுக்குக் காற்றோ, முந்திச் செல்லும் பெரிய லாரி தள்ளிவிடும் காற்றோ பட்டால் அது ஹிட்ச்சை மையமாக வைத்து இடமும் வலமும் ஆடும். எடை முன்பக்கமாக இருந்தால், ஒவ்வோர் ஆட்டத்திலும் டயர்கள் சாலையோடு உரசும் விசை அதை மட்டுப்படுத்தி, இரண்டு மூன்று அசைவுகளில் அடக்கிவிடும். எடை பின்னால் போகப் போக இந்த அடக்கும் குணம் குறைகிறது. வேகம் கூடக் கூட மேலும் குறைகிறது. ஒவ்வொரு டிரக்-டிரெய்லர் இணைக்கும் ஒரு நெருக்கடி வேகம் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் ஆட்டம் அடங்குவதற்குப் பதிலாகத் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். வண்டியின் ஓட்டத்திலிருந்தே அதற்குத் தீனி கிடைக்கும். நாலைந்து வீச்சுக்குள் டிரெய்லர் டிரக்கையே பக்கவாட்டில் இழுத்துச் சாய்த்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் சாதுவாக வந்த அதே டிரெய்லர் 105இல் இப்படி ஆவது இதனால்தான்.

ஐரோப்பியர்கள் இதே பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து கட்டுப்படுத்துகிறார்கள். அங்கே முனை எடை பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். சின்னக் கார்கள்கூட டிரெய்லர் வீடுகளை இழுக்கும். அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை வேகம். ஜெர்மனியில் டிரெய்லர் மாட்டிய காருக்குப் பொது வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். தனி அனுமதி பெற்றால் அதிவேகச் சாலையில் 100. அமெரிக்காவில் கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் 55 மைல் என்று வரம்பு இருந்தாலும், பல மாநிலங்களில் டிரெய்லரோடும் 70 மைல், 75 மைல் என்று பறக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முனை எடை கூடுதலாகத் தேவை. அதைச் சுமக்கப் பெரிய டிரக் தேவை. அமெரிக்கச் சாலைகளில் பிக்கப்புகள் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் காலும் கையும் போகும் இடம் பிரேக்கும் ஸ்டியரிங்கும்தான். இரண்டுமே தவறு. டிரக்கின் பிரேக்கை அழுத்தினால் பின்னால் வரும் 3 டன் முன்னால் முட்டித் தள்ளும். ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்பினால், ஆட்டத்தின் தாளத்துக்கு நாம் ஒரு படி பின்தங்கியே இருப்பதால், அதற்கு மேலும் வேகம் கொடுத்துவிடுவோம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாக இயக்கும் சின்ன நெம்புகோலைக் கையால் அழுத்த வேண்டும். டிரெய்லர் பின்னோக்கி இழுபட்டு, இணைப்பு நேராகும். இதற்காகவே டிரக்கின் டேஷ்போர்டில் டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. வண்டி வாங்கும்போது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட இந்தக் கருவியைக் கேட்டு வாங்குவது, பெரிய திரைக்கும் நல்ல ஸ்பீக்கருக்கும் கொடுக்கும் பணத்தைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

கூஸ்நெக், ஃபிஃப்த் வீல் வகை இணைப்புகளில் இந்த ஆட்டம் கிட்டத்தட்ட இல்லை. டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஃபிஃப்த் வீலைத் தெரிந்திருக்கும். இணைப்புப் புள்ளி பின்தொட்டிக்கு நடுவே, பின் அச்சுக்கு மேலேயோ அதற்குச் சற்று முன்னாலோ வந்துவிடுகிறது. நெம்புகோலின் நீளம் பூஜ்யத்தை நெருங்குகிறது. முன் அச்சு எடை இழப்பதில்லை. டெக்சஸ், ஒக்லஹோமா பண்ணைகளில் மாடு ஏற்றும் டிரெய்லர்கள் பெரும்பாலும் கூஸ்நெக் வகையாக இருப்பது இதனால்தான். உயிருள்ள சுமை நின்ற இடத்தில் நிற்காது. கால் மாற்றி நிற்கும், ஒரு பக்கமாகச் சாயும். ஆனால் இந்த வகையில் முனை எடை 15 முதல் 25 சதவீதம். 6 டன் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வீடு என்றால் 1,200 கிலோ போல டிரக்கின் முதுகில் ஏறும். அரை டன் வண்டியில் அதை நினைத்தே பார்க்கக் கூடாது.

எஞ்சின் பற்றி இவ்வளவு தாமதமாகப் பேசுவது வேண்டுமென்றேதான். இன்றைய பிக்கப் எஞ்சின்களில் சக்திக் குறைவு என்பது அரிது. 6 டன் மொத்த எடையோடு 7 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறக்குறைய 120 குதிரைத்திறன் வேண்டும். காற்றையும் டயர் உராய்வையும் சேர்த்தால் 175 போல. 400 குதிரைத்திறன் வண்டிக்கு இது கடினமா என்றால், கடல் மட்டத்தில் இல்லை. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏறும்போது 3,400 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் 70 சதவீதம்தான். டர்போ இல்லாத வி8 எஞ்சின் தன் சக்தியில் 30 சதவீதத்தை இழந்து திணறும். டர்போ உள்ள எஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். 3.5 லிட்டர் டர்போ வி6 எஞ்சினை 2011 மாடல் எஃப்-150இல் ஃபோர்டு வைத்தபோது வி8 விசுவாசிகள் நம்ப மறுத்தார்கள். மலை மாநிலங்களில் டிரெய்லர் இழுத்தவர்களுக்கு அதன் அருமை சீக்கிரமே புரிந்தது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்தச் சுரங்கப்பாதையிலிருந்து மேற்கே சில்வர்தார்ன் ஊர் வரை சுமார் 13 கிலோமீட்டரில் 650 மீட்டர் இறக்கம். 6 டன் அவ்வளவு கீழே வரும்போது வெளிவரும் ஆற்றல் 38 மெகாஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் 120 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பகுதியைக் காற்றும் உராய்வும் எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில் போனால், சில பத்து கிலோ இரும்பு அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். பிரேக் வட்டு பழுக்கும், பிரேக் திரவம் கொதிக்கும், மிதி தரையைத் தொடும். அந்த இறக்கத்தில் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளைக்கல் பாதைகள் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஏறின கியரிலேயே இறங்கு என்று நம்மூர் மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது இந்தச் சூட்டைத் தவிர்க்கத்தான். எஞ்சினே பிரேக்காக வேலை செய்யும். டீசல் பிக்கப்புகளில் இதற்குக் கூடுதலாகப் புகைப்போக்கி பிரேக் உண்டு: ஒரு பொத்தானை அழுத்தினால் டர்போவின் இதழ்கள் குறுகி, வெளியேறும் வாயுவை மறித்து, எஞ்சினை மூச்சுத் திணற வைக்கும். பிரேக் மிதியைத் தொடாமலேயே கனத்த டிரெய்லர் நிதானமாக இறங்கும். அடிக்கடி மலை இறங்குகிறவர் டீசல் வாங்க இதுவே போதுமான காரணம்.

மற்றவர்கள் யோசிக்க வேண்டும். 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸ் டீசல் வந்தபோது அதன் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி, ஏறக்குறைய 540 நியூட்டன் மீட்டர். இன்று ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசலின் உயர்ந்த வகை 1,200 பவுண்டு-அடியைத் தொட்டுவிட்டது. ஆனால் டீசல் எஞ்சின் கனமானது. விலையும் பல ஆயிரம் டாலர் கூடுதல். எடை கூடினால் சுமைத் திறன் குறையும். அரை டன்னுக்கு அடுத்த பெரிய வகையான முக்கால் டன்னில் மொத்த எடை வரம்பை 10,000 பவுண்டு என்று நிறுத்திவைத்து, அதற்குள் டீசல் எஞ்சினையும் நான்கு சக்கர ஓட்டத்தையும் சொகுசையும் திணித்தால், மிஞ்சும் சுமைத் திறன் 900 கிலோவை ஒட்டி வந்து நிற்கும். சாதாரண வகை அரை டன் வண்டியே அந்த அளவு தாங்கும். அதே முக்கால் டன்னில் பெட்ரோல் எஞ்சின் எடுத்தால் சில நூறு கிலோ கூடும். என்னிடம் யாராவது கேட்டால், 3,400 கிலோ டிரெய்லரும் குடும்பமும் என்றால் பெட்ரோல் முக்கால் டன் என்பேன். டிரெய்லர் 2,300 கிலோவுக்குள் இருந்தால் அரை டன் தாராளம். மீன்பிடிப் படகு மட்டும் என்றால், தாழ்வாகவும் காற்றை வெட்டும் வடிவிலும் இருப்பதால், 4,000 பவுண்டு இழுக்கும் ஃபோர்டு மேவரிக்கோ 5,000 பவுண்டு இழுக்கும் ஹோண்டா ரிட்ஜ்லைனோ போதும். பெரிய ஃபிஃப்த் வீலுக்கு ஒரு டன் வகை, பின்னால் இரட்டைச் சக்கரம். அங்கே பேரம் பேச இடமில்லை.

மின்சாரப் பிக்கப் பற்றிய கேள்வியும் வரும். இழுக்கும் சக்தியில் அதற்குக் குறையே இல்லை. ரிவியன் நிறுவனத்தின் பிக்கப் 11,000 பவுண்டும், எஃப்-150 லைட்னிங் 10,000 பவுண்டும் இழுக்கும். நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை கிடைக்கும். இறக்கத்தில் சூடாக வீணாகும் ஆற்றலில் பெரும்பகுதி பேட்டரிக்குத் திரும்பும். தடையாக நிற்பது காற்று. 2.4 மீட்டர் அகலமும் 3 மீட்டருக்கு மேல் உயரமும் உள்ள டிரெய்லர் முகப்பு ஒரு சுவர் மாதிரி காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 கிலோவாட்-மணி. அது 15 லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல். மின்மோட்டார் அதைச் சிக்கனமாகச் செலவழிக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் உயரமான டிரெய்லரை மாட்டினால் ஓடும் தூரம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிடும். பெட்ரோல் வண்டியும் அதே விகிதத்தில்தான் கூடுதலாகக் குடிக்கிறது. 130 லிட்டர் தொட்டியும் ஐந்து நிமிட நிரப்பலும் அதை மறைத்துவிடுகின்றன. எந்த எரிபொருளாக இருந்தாலும் வேகத்தை 105இலிருந்து 90 கிலோமீட்டருக்குக் குறைத்தால் காற்றின் எதிர்ப்பு கால் பங்குக்கு மேல் குறையும். டிரெய்லர் ஆட்டத்துக்கும் அது நல்லது.

வண்டியும் டிரெய்லரும் வாங்கிவிட்ட பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். பிக்கப்பும் அதில் ஏறலாம். கட்டணம் அதிகமில்லை. மேடை தனித்தனிப் பலகைகளாகப் பிரிந்திருக்கும். முன் சக்கரம் ஒன்றில், பின் சக்கரம் இன்னொன்றில், டிரெய்லர் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினால், ஒவ்வொன்றின் எடையும் தனித்தனியே அச்சாகி வரும். சுற்றுலா கிளம்பும் அன்றைக்கு எல்லோரும் ஏறி, எல்லாச் சாமானும் ஏற்றி, எரிபொருள் நிரப்பி மூன்று முறை எடை போட வேண்டும்: ஸ்பிரிங் கம்பிகளைப் பூட்டி ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை, டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு டிரக் மட்டும் ஒருமுறை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் டிரக்கின் எடைக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முனை எடை. மூன்றாவதோடு ஒப்பிட்டால் முன் அச்சு எவ்வளவு இழந்தது, கம்பிகள் அதில் எவ்வளவைத் திருப்பிக் கொடுத்தன என்பதும் தெரியும். இழந்ததில் பாதிகூடத் திரும்பவில்லை என்றால், கையேட்டைப் பார்த்து, கம்பிகளின் சங்கிலியை ஒரு கண்ணி இறுக்கி மறுபடி மேடையில் ஏற்ற வேண்டும். டிரக்கின் எடை கதவோர ஸ்டிக்கரின் வரம்பைத் தாண்டியிருந்தால் சங்கிலியை இறுக்கிப் பெரிய பயனில்லை. பின்தொட்டியில் இருக்கும் ஜெனரேட்டரையும் விறகையும் டிரெய்லருக்குள், அதன் அச்சுகளுக்கு நேர் மேலே மாற்றி வைக்க வேண்டும். விறகைப் போய்ச் சேரும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதன் பிறகும் கணக்கு இடித்தால் சின்ன டிரெய்லர் அல்லது பெரிய டிரக், இரண்டில் ஒன்றுதான் வழி.